பிறக்காத ரோஸ்லி

தன்னுடைய படத்தைக் கையில் வாங்கிப் பார்த்து, 'இந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது' என்று தன் கைப்படவே எழுதிக் கொடுக்க வேண்டிய நிலைமை தர்மினிக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு வந்தது. கோப்பியும் பிஸ்கட்டும் கொடுக்கிற நேரம். அப்படியொரு நிலைமை ஒருத்திக்கு எப்படி வரும் என்று கேட்டால், முதலில் ஹெடி கெர்பரின் கண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சுவிற்சர்லாந்தில் லிண்டன்மாட் என்று மலையடியில் ஒரு கிராமம். ஆயிரத்து நானூறு சனம், ஒரு தேவாலயம், ஒரு பால்கட்டித் தொழிற்சாலை, ஒரு முதியோர் இல்லம். இல்லத்தில் இருந்த அறுபத்திரண்டு முதியவர்களும் அந்த ஊரிலோ பக்கத்து ஊரிலோ பிறந்தவர்கள். அவர்களைக் குளிப்பாட்டித் துடைத்து, உடுப்பு மாற்றி, சூப் பருக்குகிறவர்களில் ஒருவர்கூட அந்த ஊரில் பிறந்தவர் இல்லை. எரித்திரியா, கொசோவோ, போர்த்துக்கல், பிலிப்பைன்ஸ், யாழ்ப்பாணம் என்று உலகப்படத்தையே பிரித்து விரித்ததுபோல் இருந்தது பணியாளர் பட்டியல். ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் சூரிச்சில் நல்ல வேலைகளில் இருந்தார்கள். கிறிஸ்மஸுக்குத் தவறாமல் சொக்லேட் பெட்டியோடு வருவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

நான்கு ஆண்டுகளுக்கு முன் தர்மினி முதன்முதலாக ஹெடி அம்மாவின் அறைக்குள் போனபோது, அவர் சூடான கோப்பியைக் கோப்பையோடு தூக்கி எறிந்தார். அது தர்மினியின் தோளில் பட்டு உடைந்தது.

"உந்தக் கறுத்தக் கையால என்னைத் தொடாதை! எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லையோ இஞ்ச?"

அவர் பேசியது மலைநாட்டு ஜெர்மன். ஆனால் இருபத்திரண்டு ஆண்டுகள் கேட்டுக் கேட்டு, தர்மினியின் காதில் அது ஊர்த் தமிழாகவே விழப் பழகியிருந்தது. ஏச்சும் அப்படித்தான் விழுந்தது, சொந்த வீட்டுக்காரர் ஏசுவதுபோல. அவள் கேட்டபடியே இங்கும் சொல்லியிருக்கிறது.

ஹெடி அம்மாவுக்கு அப்போது எண்பத்து நான்கு வயது. முப்பத்தொரு வருடம் கிராமசபையின் செயலாளராக இருந்தவர். முழங்கால் இரண்டும் போய்விட்டன, கண்ணில் புரை, காதும் மந்தம். மூளை மட்டும் சவர அலகு மாதிரி. மறதி வந்த ஒருவர் ஏசினால் நோய் ஏசுகிறது என்று மனதை ஆற்றிக்கொள்ளலாம். இங்கே ஏசியது நோய் இல்லை. அதனால் தோளில் பட்ட சூடு ஆறியும் தர்மினிக்கு மற்றது ஆறவில்லை.

அடுத்த மாதம் ஹெடி அம்மாவுக்குக் கண்புரை அறுவை நடந்தது. மகன் ஊர்ஸ் படிவத்தில் கையெழுத்து வைத்தார். பின்பக்கத்தில் 'ஆறுதல் வசதி' என்றொரு கட்டம் இருந்தது. அதிலும் புள்ளடி போட்டார்.

கருவியைப் பொருத்த வந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். தர்மினியின் சட்டையில் ஒரு பச்சைப் பேட்ஜைக் குத்திவிட்டு விளக்கினாள்.

"இதுக்குப் பேர் பழகுமுகம். உங்கட நெஞ்சில இந்தப் பேட்ஜ் இருக்குமட்டும், அவவின்ர கண்ணுக்குள்ள வைச்ச வில்லை உங்கட முகத்துக்கு மேல வேற முகம் வரையும். கைக்கும் அப்பிடித்தான். குரலைக் காதுக்கருவி மாத்தும். கழட்டினால் நீங்கள் நீங்கள்தான்."

"அவவுக்குத் தெரியுமோ?"

"தெரிஞ்சால் பலன் இல்லையே. மகன் சம்மதிச்சிட்டார். நீங்களும் ஒப்பந்தத்தில கையெழுத்து வைச்சிருக்கிறியள். இஞ்ச இருக்கிறவையளிட்ட ஒருநாளும் சொல்லக்கூடாது. சொன்னால் வேலை போயிடும்."

"ஆற்ற முகம் அது?"

அந்தப் பெண் திரையில் காட்டினாள். நாற்பத்தைந்து வயதுப் பெண்ணொருத்தி. சிவந்த கன்னம், மூக்கில் சின்னச் சின்னப் புள்ளிகள், முன்பல்லில் ஒரு நீக்கல். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"உயிரோட இருக்கிற ஆளெண்டால் வழக்குப் போடுவினம். இது இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பழைய படங்கள் எல்லாத்தையும் கலந்து செய்தது. ரோஸ்லி எண்டு பேர் வைச்சிருக்கிறம். இப்பிடி ஒரு பெண் பிறக்கவே இல்லை."

தர்மினி தோளைத் தடவிக்கொண்டு கேட்டாள்: "எங்கட முகத்தை மாத்துறதுக்குப் பதிலா, அவையளின்ர மனசை மாத்தேலாதோ?"

அந்தப் பெண் நல்லவள். யோசித்துத்தான் பதில் சொன்னாள். "அதுக்குக் கனகாலம் எடுக்கும். இது இருபது நிமிச வேலை."

வேலை செய்யவும் செய்தது. அடி, கடி, துப்பல் எல்லாம் ஒரே வருடத்தில் இல்லாமல் போயின. மாநில அமைச்சர் வந்து பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனார். தமிழ்ப் பெண்கள் காலையில் உடைமாற்றும் அறையில் பேட்ஜைக் குத்திக்கொண்டே, "தோல் போட்டாச்சோ?" என்று ஒருத்தியை ஒருத்தி கேட்பார்கள். "போட்டாச்சு, வெள்ளையா வெளுத்தாச்சு" என்பது பதில். சிரிப்பார்கள். அதற்குமேல் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

ஹெடி அம்மாவுக்கு ரோஸ்லியைப் பார்த்த முதல் நாளே பிடித்துப்போனது. வில்லைக்கு முகத்தையும் நிறத்தையும் வரையத் தெரியும். தொடுதலை வரையத் தெரியாது. தர்மினி நல்லெண்ணெயைச் சுடுதண்ணீருக்குள் வைத்து இளஞ்சூடாக்கி, அந்த முழங்கால்களை அரைமணி நேரம் பிடித்துவிடுவாள். அது இல்லத்தின் விதிகளில் இல்லாத வைத்தியம். மேலாளர் கண்டும் காணாததுபோல் விட்டிருந்தார்.

"உன்ர கை மாதிரி ஒரு கை இல்லை, பிள்ளை," என்பார் ஹெடி அம்மா. "எங்கட ஊர்க் கையெண்டால் தொட்டவுடன தெரியும்."

அந்தக் கையிடம் அவர் எல்லாவற்றையும் சொன்னார். மூன்று மாதத்தில் இறந்துபோன பெண்குழந்தையைப் பற்றிச் சொன்னார். அந்தக் குழந்தைக்குப் பெயர் வைத்திருந்ததை ஊர்ஸுக்கே சொன்னதில்லை. தர்மினி வேலைக்கு வராத நாள்களில் சாப்பிட மறுத்தார். பிறந்தநாள் கேக்கில் முதல் துண்டை ரோஸ்லிக்கென்று வைத்தார். அதே வாயால், "நல்லகாலம், எங்கட இல்லத்துக்குள்ள இப்ப உந்தக் கறுவலுகள் இல்லை. மற்ற ஊர்களில கிழடுகளின்ர சங்கிலியை உருவுதுகளாம்" என்றும் சொன்னார். சொல்லும்போது அவருடைய முழங்கால் தர்மினியின் உள்ளங்கைக்குள் இருந்தது.

தர்மினி என்ன செய்தாள் என்றால், அன்பைத் தனக்கு என்று எடுத்துக்கொண்டாள். ஏச்சை யாரோ ஊர்பேர் தெரியாதவர்களுக்கு என்று ஒதுக்கிவிட்டாள். நாலு வருடம் அப்படித்தான் ஓடியது. உண்மை அப்படியே தலைகீழ் என்பது அவளுக்குத் தெரியாமல் போனதற்கு அவளைக் கோபிக்க முடியவில்லை. தினமும் அன்பாகத் தடவிக்கொடுக்கிற ஒருவர், தன்னைத்தான் தடவுகிறார் என்று யாருமே நினைத்துக்கொள்வார்கள்.

இதற்கிடையில் புதுச் சட்டம் ஒன்று வந்திருந்தது. ஐம்பது வயதுக்குள் குடியுரிமை எடுக்காத வெளிநாட்டார், நடப்பு வேலை ஒப்பந்தம் முடிந்ததும் நாட்டைவிட்டுப் போய்விட வேண்டும். தர்மினிக்கு நாற்பத்தொன்பது, ஜனவரியில் ஐம்பது ஆகிவிடும். ஒப்பந்தம் மார்ச் மாதம் முடிகிறது. கணவன் யோகநாதன் ஆறு வருடத்துக்கு முன் மாரடைப்பில் போய்விட்டான். அவளுக்கென்று இருந்தது மகள் ஆரணி ஒருத்திதான். ஆரணி அந்த ஊரிலேயே பிறந்து, பள்ளிக்கூடம் முடிக்கும்போதே குடியுரிமை பெற்றுவிட்டாள். இப்போது பேர்ன் நகரில் தாதியர் படிப்பு. குடியுரிமை கிடைக்காவிட்டால் தாய் ஒரு நாட்டில், மகள் ஒரு நாட்டில்.

விண்ணப்பத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. ஊர்க் குடிமக்கள் மூன்று பேர் 'இவரை எங்களுக்கு மூன்று வருடத்துக்கு மேல் தெரியும்' என்று சொல்ல வேண்டும். முதலாளியோ கூட வேலை செய்பவரோ கூடாது. அவர்கள் சொன்னதை வாசித்துவிட்டு, ஊர்க் கூட்டம் கை உயர்த்தி முடிவெடுக்கும். பேக்கரிக்காரி ஒருத்தி, ஆரணியின் பழைய ஆசிரியர் ஒருவர் என்று இரண்டு பேர் அகப்பட்டார்கள். மூன்றாவது ஆள் இல்லை. இல்லத்துக்கும் வீட்டுக்குமாக ஓடிக்கொண்டிருந்தவளுக்கு வேறு யாரைத் தெரியும்?

"இதென்ன விசர்க் கதை?" என்றாள் கூட வேலை செய்கிற செல்வமலர். "ஹெடியம்மாவின்ர பேரைப் போடன். நாலு வருசமா உன்ர கையாலதானே சாப்பிடுறா. சபையில அவ ஒரு சொல்லுச் சொன்னால் ஆர் மறுத்துப் பேசப்போயினம்?"

"மெய்தான் மலரக்கா, எனக்கேன் இது தோணேல்லை!" என்றாள் தர்மினி. அன்றைக்கே எழுதிப் போட்டாள், ஒரு பொட்டில்லாத படத்தையும் இணைத்து. தினமும் காலையில் பேட்ஜைக் குத்தி, மாலையில் கழற்றுகிற இரண்டு வளர்ந்த பெண்கள். இருவரில் ஒருத்திக்குக்கூட அந்த நேரத்தில் பேட்ஜின் நினைவு வரவில்லை. செருப்பு காலில் இருப்பதை மறந்துவிட்டு வீடு முழுக்கத் தேடுவோமே, அதுபோல.

சபை அந்தப் படத்தை வைத்து ஹெடி அம்மாவுக்குக் கடிதம் அனுப்பியது. அதுதான் செவ்வாய்க்கிழமை.

"ரோஸ்லி, கதவைச் சாத்திப்போட்டு இஞ்ச வா. ஒரு கள்ளியைக் காட்டுறன்."

தர்மினி கோப்பித் தட்டை வைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தாள். ஹெடி அம்மா படத்தை நீட்டினார். படத்திலிருந்த பெண் பேட்ஜ் போடவில்லை. எனவே ஹெடி அம்மாவின் கண் அவளை உள்ளபடியே பார்த்தது. கோப்பை எறிந்த நாளில் புரை மூடிய அந்தக் கண்ணுக்கு முகம் பிடிபட்டிருக்கவில்லை. மூன்று நாள் யோசித்து உடுத்திய நீலச் சட்டை. இழுத்துக் கட்டிய தலைமுடி. நெற்றியில் பொட்டிருந்த இடம் மட்டும் கொஞ்சம் வெளுத்துப்போய்.

"நாலு வருசம் என்னைப் பராமரிக்கிறாளாம். என்னை! இவளை நான் சீவியத்தில கண்டதில்லை. உன்ர வேலையைத் தன்ர எண்டு எழுதியிருக்கிறாள், பார். உன்ர இடத்துக்கு வரப்பாக்கிறாள், பிள்ளை. நான் உயிரோட இருக்குமட்டும் விடமாட்டன்."

தர்மினி படத்தைக் கையில் வாங்கினாள். படத்தைப் பார்த்தாள். தான் எப்படித் தெரிகிறோம் என்பதை அந்த அறைக்குள் வைத்து அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"எனக்குக் கை நடுங்குது. நான் சொல்லுறன், நீ எழுது."

அவள் எழுதினாள். 'மதிப்புக்குரிய சபையோரே, இந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது.' மாற்றி எழுதிவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. ஆனால் முப்பத்தொரு வருடம் சபைக் கடிதங்களைத் திருத்திய கண். காற்புள்ளி வரைக்கும் பார்க்கும். 'இவர் கூறுவது முழுப்பொய்.' பேனா அங்கே நின்றுவிட்டது.

"அம்மா, ஒருவேளை அவ உண்மையைத்தான் சொல்லுறாவோ? நீங்கள் ஆளைக் கவனிக்காமல் இருந்திருக்கலாம்."

"எனக்கு அறளை பேந்து புத்தி மாறிட்டுது எண்டு சொல்லுறியோ? என்னைத் தொடுற கை எதெண்டு எனக்குத் தெரியாதோ?"

அந்தக் கடைசி வார்த்தைதான் தர்மினிக்குத் தைரியம் கொடுத்தது. தொடுகிற கை தெரியும் என்று அவரே சொல்லிவிட்டாரே. கை மாறவில்லையே. வேலை போனாலும் போகட்டும். பேனாவை வைத்தாள். சட்டையிலிருந்து பேட்ஜைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"அம்மா, நான்தான்."

ரோஸ்லி இருந்த கதிரையில் படத்துப் பெண் இருந்தாள். ஹெடி அம்மாவின் கண்கள் ரோஸ்லியைத் தேடி அறையைச் சுற்றி ஓடின. கதவு சாத்தியிருந்தது.

"ரோஸ்லி! ரோஸ்லி! அவளை என்ன செய்தனீ? வெளியில போ! ஊர்ஸ்!"

"அம்மா, பயப்பிடாதேங்கோ. என்ர கையைத் தொட்டுப் பாருங்கோ. எண்ணெய் போட்டு விடுற கை. கேக் முதல்துண்டு தந்தனீங்களே, நான்தான் அம்மா..."

அவள் நீட்டிய கை முழங்காலில் பட்டது. ஹெடி அம்மா ஓலமிட்டார். யாராவது அடித்தால் வருகிற சத்தம் இல்லை அது. கொல்ல வருகிறபோது வருகிற சத்தம். அழைப்பு மணியைக் கை தேடித் தேடி அழுத்தியது. கதிரையின் கீழே தரை நனைந்தது.

நாலு வருடம் அந்த உடம்பைப் பேணியவளுக்கு அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. வெளியே ஓடினாள். நடைவழியில் பேட்ஜைக் குத்தினாள். ஊசி விரலில் ஏறியது. திரும்பி உள்ளே வந்தாள்.

"ரோஸ்லி! என்ர பிள்ளை!" ஹெடி அம்மா அவளுடைய கழுத்தைக் கட்டிக்கொண்டு விம்மினார். "அந்தப் படத்தில இருக்கிறவள் வந்தவள். உன்ர கதிரையில இருந்தவள். என்னைத் தொட்டவள்."

"போயிட்டாள், அம்மா. இனி வரமாட்டாள்."

இதைச் சொல்லும்போது தர்மினி அழுதுகொண்டிருந்தாள். கழுத்தைக் கட்டியிருந்த ஹெடி அம்மா நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்து ஆறுதலாகச் சிரித்தார். கண்வில்லைக்குக் கண்ணீர் வரையத் தெரியாது. ரோஸ்லி எப்போதும்போல் சிரித்துக்கொண்டுதான் இருந்திருப்பாள். தர்மினி அவரைத் துடைத்து, உடுப்பு மாற்றி, போர்வை போர்த்திவிட்டாள். மீதிக் கடிதத்தை ஹெடி அம்மா தானே, நடுங்குகிற கையால் எழுதி முடித்தார்.

மறுநாள் மேலாளர் லூத்தியின் அறையில் ஊர்ஸும் இருந்தார். அறுபது வயது; எப்போதும் மெதுவாகப் பேசுகிற மனிதர். தர்மினியைக் கண்டதும் எழுந்து நின்றார். அந்த ஊரில் அவளுக்காக எழுந்து நிற்கிறவர் அவர் ஒருத்தர்தான்.

"ஒரே ஒரு சொல்லு, ஹெர் கெர்பர்," என்றாள் தர்மினி ஊர்ஸிடம். "அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம். சபைக்கு மட்டும் சொல்லுங்கோ. ரோஸ்லி எண்டது நான்தான் எண்டு."

லூத்தி முந்திக்கொண்டார். "சபைக்குச் சொன்னால் ஊர் முழுக்கச் சொன்ன மாதிரி. இஞ்ச இருக்கிற அறுபத்திரண்டு பேருக்கும் ஒவ்வொரு ரோஸ்லி இருக்கு. எல்லாருக்கும் தெரிஞ்சிடும். பிறகு பழையபடி கோப்பை எறிவினம். இஞ்ச வேலை செய்யிற மற்றப் பிள்ளையள்தான் அடி வாங்குவினம், தர்மினி. அதோட, நேற்று அலாரம் ஏன் அடிச்சதெண்டு நான் விளக்கம் எழுதினால், நீங்கள் பேட்ஜ் கழட்டினதையும் எழுதவேணும். எழுதினால் உங்களை இண்டைக்கே நிப்பாட்ட வேணும். வேலை இல்லையெண்டால் விண்ணப்பமே இல்லை. அதாலதான் 'அறைக்குள் அந்நியர் வந்ததாக அம்மையார் கருதினார்' எண்டு மட்டும் எழுதியிருக்கிறன். உங்களுக்காகத்தான்."

அவர் சொன்னது ஒவ்வொன்றும் நியாயமாகவே இருந்தது. அதுதான் அதில் இருந்த கொடுமை.

தர்மினி ஊர்ஸைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"அம்மாவுக்கு எண்பத்தெட்டு வயசு," என்றார். "இந்த நாலு வருசம்தான் அவ சந்தோசமா இருந்திருக்கிறா. அது உங்களாலதான். எனக்குத் தெரியும். அதை நானே உடைக்கிறதோ? நீங்களே சொல்லுங்கோ, உங்கட தாயெண்டால் செய்வியளோ?"

"என்ர பிள்ளையை விட்டுட்டுப் போகவேணும், ஹெர் கெர்பர்."

அவர் கண் கலங்கியது. பொய்க் கலக்கம் இல்லை. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்றார். "மற்ற ஆக்கள் உங்களுக்குக் கை தூக்குவினம். நல்ல சனம்தான் இந்த ஊர்ச் சனம்."

ஆரணி அன்று தொலைபேசியில் குதித்தாள். "அம்மா, எல்லாத்தையும் பேப்பருக்குக் குடுங்கோ. பயந்து பயந்துதான் உங்களுக்கு இந்த நிலைமை. ஆக்களுக்கு முன்னால போய் நிண்டு, நான்தான் எண்டு கத்துங்கோவன்!"

"கத்தினனான் பிள்ளை," என்றாள் தர்மினி. "அவ பயத்தில கதிரையிலயே மூத்திரம் போயிட்டா."

ஆரணி, "நான் ஞாயிற்றுக்கிழமை வாறன். என்ர கை ஒண்டு இருக்குத்தானே," என்றாள்.

கிராமசபைக் கூட்டம் ஞாயிறு முற்பகல், தேவாலய வழிபாடு முடிந்த கையோடு, உடற்பயிற்சி மண்டபத்தில் நடந்தது. ஊர்க் குடிமக்கள் கையை உயர்த்தி வாக்களிப்பார்கள். விண்ணப்பித்தவர் உள்ளே இருக்கக் கூடாது என்பது முறை. தர்மினி நடைவழியில், பிள்ளைகளின் சப்பாத்துகள் வைக்கும் தாழ்ந்த வாங்கில் உட்கார்ந்திருந்தாள். அதே நீலச் சட்டை. கதவு தடித்த மரக்கதவு. பேச்சு கேட்கும், சொல் விளங்காது.

முதலில் ஒரு ஆண்குரல் வாசித்தது. பிறகு ஒரு இருமல். பிறகு அவள் எந்தக் கூட்டத்திலும் பிரித்தறியக்கூடிய ஒரு குரல் எழுந்தது. ஹெடி அம்மா வந்திருக்கிறார். சக்கர நாற்காலியில் ஊர்ஸ் கூட்டிவந்திருக்க வேண்டும். குரல் முதலில் சினந்தது. தர்மினி வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அந்தக் குரல் இறங்கியது. தழுதழுத்தது. முழங்காலுக்கு எண்ணெய் போடும்போது மட்டும் வருகிற குரல். தர்மினிக்கு அந்தக் குரலைத் தெரியும். அது அவளோடு பேசுகிற குரல்.

அப்போது கைதட்டல் கேட்டது.

ஒன்றிரண்டு பேர் தட்டியது அல்ல. மண்டபமே தட்டியது. கதிரைகள் தரையில் உரசி, சனம் எழுந்து நிற்கிற சத்தம். தர்மினியும் தன்னையறியாமல் எழுந்து நின்றாள். ஊர்ஸ் சொல்லிவிட்டார். மனுசன் கடைசியில் சொல்லிவிட்டார். ஹெடி அம்மாவும் விளங்கிக்கொண்டுவிட்டார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கன்னம் நனைந்தது. நாளைக்கு இல்லத்துக்கு என்ன செய்துகொண்டு போவது என்றுகூட யோசித்தாள். கேசரி செய்யலாம். ஹெடி அம்மாவுக்கு முந்திரிவற்றல் பிடிக்கும். முதல் துண்டு அவருக்கு.

கதவு திறந்து ஆரணி வந்தாள். அவளுடைய முகத்தைப் பார்த்ததும் தர்மினியின் சிரிப்பு நின்றது.

"பதினொரு கை," என்றாள் ஆரணி. "என்னையும் சேர்த்து."

"பின்னை, கை தட்டினவையள்?"

ஆரணி தாயின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, அந்தச் சப்பாத்து வாங்கில் வெகுநேரம் இருந்தாள். சனம் அவர்களைக் கடந்து வெளியே போனது. பலர் மரியாதையாகக் காலை வணக்கம் சொன்னார்கள்.

திங்கட்கிழமை தர்மினி வேலைக்குப் போனாள். ஒப்பந்தம் மார்ச் வரைக்கும் இருக்கிறது. போகாமல் என்ன செய்வது. உடைமாற்றும் அறையில் யாரும் தோலைப் பற்றிக் கேட்கவில்லை. செல்வமலர் அவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். தர்மினி பேட்ஜைக் குத்தினாள். எண்ணெய்ப் போத்தலைச் சுடுதண்ணீரில் வைத்தாள்.

ஹெடி அம்மா விழித்து, தலைசீவி, காத்துக்கொண்டிருந்தார். பத்து வயது குறைந்ததுபோல இருந்தார்.

"வா, ரோஸ்லி, வா! நேற்று உன்ர வேலையைக் காப்பாத்திப்போட்டன்."

தர்மினி முழங்காலிலிருந்து துணியை விலக்கினாள்.

"அந்தக் கள்ளிக்கு நான் விட்டனானோ? நான் எழும்பிச் சொன்னன். ஏலாது, இருந்துகொண்டுதான் சொன்னன். 'என்னை நாலு வருசம் பராமரிக்கிறவள் ஆரெண்டு உங்களுக்குத் தெரியுமோ? எங்கட ரோஸ்லி. பெத்த பிள்ளை செய்யாததை எனக்குச் செய்தவள். அந்தப் பொறுமை, அந்தக் கை, எங்கட மண்ணில பிறந்த ஆளுக்குத்தான் வரும். பிறத்தியாருக்கு ஒருநாளும் வராது' எண்டு சொன்னன். சொல்லச் சொல்ல எனக்கே அழுகை வந்திட்டுது. உடன, பிள்ளை, சபை முழுக்க எழும்பி நிண்டு கை தட்டினது. உனக்கு! ஊர்ஸ் மட்டும் குனிஞ்சுகொண்டு நிண்டவன். அவனுக்குச் சின்னனிலயிருந்தே கூச்சம்."

தர்மினி எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றினாள். இளஞ்சூடு சரியாக இருந்தது. முழங்காலின் மேல் கையை வைத்து, எப்போதும்போல் வலமிருந்து இடமாகத் தேய்க்கத் தொடங்கினாள். ஹெடி அம்மா சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

"நீ வந்திருக்க வேணும், ரோஸ்லி. அதைக் கேட்டிருக்க வேணும்."

"வந்தனான், அம்மா," என்றாள் தர்மினி. "கேட்டனான். கதவுக்கு வெளியில இருந்தனான்."

"வெளியிலயோ?" ஹெடி அம்மா கண்ணைத் திறந்து, உண்மையான வருத்தத்தோடு அவளைப் பார்த்தார். எண்ணெய் பிசுபிசுத்த அந்தக் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். "ஏன் பிள்ளை வெளியில இருந்தனீ? உள்ளுக்க வந்திருக்கலாமே. நீ எங்கட ஆள்தானே."